கடவுள் நம்பிக்கை தளர்ந்த காலத்தில் என்னைத் தாங்கியவை

நம்பிக்கை இழப்பதைப் பற்றிப் பேச்சு வந்தால், பெரும்பாலானவர்கள் அதை ஒரு விவாதமாகவே கற்பனை செய்கிறார்கள். கடவுள் உண்டா இல்லையா, புனித நூலில் சொன்னது நடந்ததா இல்லையா என்று ஒருவர் யோசிக்கிறார், ஒரு முடிவுக்கு வருகிறார், அதோடு விஷயம் முடிந்தது. எனக்கு அப்படி நடக்கவில்லை. விவாதம் அதில் ஒரு சின்னப் பகுதிதான். கஷ்டமெல்லாம் வேறு இடத்தில் இருந்தது. இரவில் பயம் வந்தால் மனம் யாரைக் கூப்பிடும்? வீட்டில் எல்லோரும் கண்மூடி நிற்கும்போது நடுவில் நான் யாராக நிற்பது? இத்தனை வருடம் "நல்ல பிள்ளை" என்று சொன்னவர்கள் இனி என்ன சொல்வார்கள்? இவைதான் என்னைத் தூங்கவிடாத கேள்விகள்.

நான் எந்த மதத்தில் பிறந்தேன் என்பதை இங்கே சொல்லவில்லை. சொன்னால் வாசிப்பவரின் கவனம் அந்த மதத்தின் நிறைகுறைகளுக்குப் போய்விடும். வெவ்வேறு மதங்களிலிருந்து இதே வழியாக வந்த பலருடன் பிற்பாடு பேசியிருக்கிறேன். சடங்குகள் வேறு, பெயர்கள் வேறு, ஆனால் மனசுக்குள் நடந்தது கிட்டத்தட்ட ஒன்றேதான். எதிர்த்திசையில் நடந்தவர்கள், அதாவது நம்பிக்கையே இல்லாமல் வளர்ந்து பிறகு பக்திக்கு வந்தவர்கள்கூட, இதில் நிறைய தங்களுக்கும் பொருந்தும் என்றார்கள்.

எங்கள் வீட்டில் மதத்தைத் தனியாக எடுத்துவைத்துப் பார்க்க முடியாது. எழுவது, உறங்குவது, கோபத்தை அடக்குவது, மன்னிப்புக் கேட்பது எல்லாவற்றிலும் அது கலந்திருந்தது. சின்ன வயதிலேயே பெரியவர்கள் முன்னால் பிரார்த்தனையைச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. நன்றாகச் சொல்வேன். உறவினர்கள் என்னைப் பற்றிப் பேசினால், படிப்பைச் சொல்வதற்கு முன்னால் "பக்தியான பிள்ளை" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. அதில் நடிப்பு எதுவும் கிடையாது. உண்மையாகவே நம்பினேன், உண்மையாகவே உருகினேன்.

அந்தப் பருவத்தைப் புரிந்துகொள்ள எனக்கு முதலில் உதவியது ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளரின் வேலை. அடையாளம் பற்றி எரிக் எரிக்சன் சொன்னவற்றை வைத்து 1966-ல் அவர் ஒரு நேர்காணல் முறையை உருவாக்கினார். இளைஞர்களிடம் தொழில், மதம், அரசியல் பற்றிக் கேட்பார். அவர் பார்த்தது இரண்டை: இந்த ஆள் தானாகத் தேடிப் பார்த்திருக்கிறாரா? இப்போது எதையாவது உறுதியாகப் பற்றியிருக்கிறாரா? தேடாமலேயே பெற்றோர் கொடுத்ததை உறுதியாகப் பிடித்திருப்பவர்கள் ஒரு வகை. தேடலின் நடுவில், கையில் எதுவும் இல்லாமல் நிற்பவர்கள் இன்னொரு வகை. தேடி முடித்து ஒன்றைத் தமதாக்கிக்கொண்டவர்களும், இரண்டிலும் அக்கறை இல்லாதவர்களும் மற்ற இரண்டு வகை. முதல் வகையினர் வெளியிலிருந்து பார்க்க மிகத் திடமாக, அமைதியாக இருப்பார்கள். நான் அப்படித்தான் இருந்தேன். இருபதுகளின் நடுவில் இரண்டாவது வகைக்கு வந்து சேர்ந்தேன். நடுவில் நிற்பவர்களுக்குப் பதற்றம் அதிகம் என்பது மார்சியாவுக்குப் பின் வந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். அதைப் படித்த அன்று எனக்குப் பெரிய ஆறுதல். என் பதற்றம் நான் கெட்டுப்போனதற்கான அடையாளம் இல்லை, நான் நிற்கும் இடத்தின் தட்பவெப்பம் அப்படி.

எரிக்சனின் வாழ்க்கையையே இங்கே நினைத்துக்கொள்கிறேன். தன்னைப் பெற்ற தகப்பன் யார் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. யூத மாற்றாந்தந்தையின் வீட்டில் வளர்ந்தார். உயரமாக, வெளிர் முடியுடன் இருந்ததால் தொழுகைக்கூடத்தில் பிள்ளைகள் அவரை வேற்று ஆள் என்றார்கள், பள்ளியிலோ யூதன் என்று ஒதுக்கினார்கள். 1939-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது எரிக்சன் என்ற குடும்பப் பெயரை அவராகவே வைத்துக்கொண்டார். அடையாள நெருக்கடி என்ற கருத்தை உலகம் முழுக்கப் பரப்பிய மனிதர் அதை நூலகத்தில் மட்டும் கண்டுபிடிக்கவில்லை.

சரி, எனக்கு எப்போது தளர்ந்தது? குறிப்பிட்டுச் சொல்ல ஒரு சம்பவம் இல்லை. துக்கம் இல்லை, அநியாயம் இல்லை, யாரும் என்னை ஏமாற்றவும் இல்லை. ஒரு கட்டத்தில் பிரார்த்தனை செய்யும்போது மறுமுனையில் யாரும் இருப்பதாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், மத அனுபவம் பற்றிய தம் புகழ்பெற்ற எடின்பரோ உரைகளில் (அவை 1902-ல் நூலாக வந்தன) டால்ஸ்டாய் எழுதிய ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்காட்டுகிறார். வேட்டைக்குப் போன இடத்தில் ஓர் இளைஞர் இரவில் வழக்கம்போல மண்டியிட்டுப் பிரார்த்தித்தார். அதைப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், "நீ இன்னும் இதைச் செய்துகொண்டிருக்கிறாயா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து அந்த இளைஞர் பிரார்த்தித்ததே இல்லை. அண்ணனின் கேள்வியில் வாதம் ஒன்றும் இல்லை. உள்ளே ஏற்கெனவே காலியாகியிருந்த இடத்தை அது காட்டிக்கொடுத்தது, அவ்வளவே. "என்ன காரணம்? யார் உன்னை மாற்றினது?" என்று கேட்கும் பெரியவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லலாம். பல பேருக்குக் காரணமாகச் சுட்ட ஓர் ஆளும் இருப்பதில்லை, ஒரு நாளும் இருப்பதில்லை.

இடையில் ஒரு காலம் இன்னும் மோசமாக இருந்தது. முழுதாக நம்பவும் முடியாது, விடவும் முடியாது. கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார், என் மனம் வறண்டதே ஒரு தண்டனை என்று நினைத்துக்கொள்வேன். இந்த மாதிரியான தவிப்பை நீண்ட காலம் ஆராய்ந்தவர் கென்னத் பார்கமென்ட். மதம் துன்பத்தில் கைகொடுக்கும், அதே மதம் துன்பத்தைக் கூட்டவும் செய்யும் என்று இரண்டையும் பிரித்துக் காட்டினார். 55 வயதைத் தாண்டிய ஏறத்தாழ 600 மருத்துவமனை நோயாளிகளை இரண்டு வருடம் தொடர்ந்து கவனித்து, அவரும் சகாக்களும் 2001-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடவுள் தண்டிக்கிறார், கைவிட்டார் என்ற எண்ணத்தோடு போராடியவர்களுக்கு அந்தக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இந்தத் தவிப்பை "எல்லாம் சரியாகிவிடும்" என்று தள்ளிவைக்கக் கூடாது என்பது எனக்கு உறைத்தது. கடவுள் மேல் கோபம் இருந்தால் அதை வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நம்பிக்கையுள்ளவராக இருந்தாலும் பரவாயில்லை, அதிர்ச்சி அடையாதவராக இருந்தால் போதும்.

எனக்கு மிகப் பெரிய உதவி ஒரு சாதாரணப் பட்டியலிலிருந்து வந்தது. பெல்ஜியத்தில் பணியாற்றும் வாசிலிஸ் சரோக்ளூ என்ற மத உளவியலாளர் 2011-ல் எழுதிய கட்டுரையில் மதத்தை நான்கு இழைகளாகப் பிரிக்கிறார். நம்புவது, உணர்வால் பிணைந்திருப்பது, அறநெறிப்படி நடப்பது, ஒரு கூட்டத்தைச் சேர்ந்திருப்பது. நான்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று இல்லை, ஆளுக்கு ஆள் அளவு மாறும். இதைப் படித்ததும் ஒரு நோட்டில் நான்கு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் நான் எங்கே நிற்கிறேன் என்று எழுதினேன். நம்புவது தளர்ந்திருந்தது. பிணைப்பு அப்படியே இருந்தது. பழைய பாட்டு கேட்டால் கண் கலங்கும். நடத்தையில் மாற்றமே இல்லை. சேர்ந்திருப்பதில், எங்கள் ஆட்கள் இன்னும் எங்கள் ஆட்கள்தான். அதுவரை "எல்லாம் போய்விட்டது" என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காகிதத்தில் பார்த்தால் போனது நான்கில் ஒன்று.

இந்தத் தவிப்பில் இருப்பவர் யாராக இருந்தாலும், "நான் இப்போது யார்?" என்று மொத்தமாகக் கேட்பதை நிறுத்திவிட்டு இந்த நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். சிலருக்கு முதலில் போவது சேர்ந்திருப்பது. கடவுளை நம்புவார்கள், ஆனால் கூட்டத்தில் காயப்பட்டிருப்பார்கள். அவர்களுக்குத் தேவைப்படுவது வேறு, எனக்குத் தேவைப்பட்டது வேறு. இன்னொன்று, நான்கும் ஒரே வேகத்தில் மாறாது. ஒன்று மாறியதும் மற்ற மூன்றையும் இழுத்துப் பறித்துக்கொண்டு வர வேண்டிய அவசியமும் இல்லை. நேர்மையாக இருக்கிறேன் என்று ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

பிணைப்பைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் வலித்தது அதுதான். குழந்தைக்கும் தாய்க்கும் இடையிலான பற்றுதலைப் பற்றி ஜான் பௌல்பி சொன்னதை, 1990 வாக்கில் லீ கிர்க்பாட்ரிக் கடவுளோடுள்ள உறவுக்கும் பொருத்திப் பார்த்தார். ஆபத்து வந்தால் ஓடி ஒளிய ஓர் இடம், தைரியமாக வெளியே போக ஓர் ஆதாரம். பக்தருக்குக் கடவுள் இந்த இரண்டாகவும் இருக்கிறார். அப்படியானால் நம்பிக்கை தளரும்போது போவது ஒரு கருத்து மட்டும் இல்லை. மிக நெருங்கிய ஒருவர் போகிறார். எனக்கு நேர்ந்தது துக்கம் என்று அப்போதுதான் புரிந்தது. ஆனால் அதற்கு யாரும் துக்கம் விசாரிக்க வரமாட்டார்கள். சமூகம் துக்கமாகவே ஏற்காத துக்கங்களைப் பற்றி கென்னத் டோகா 1989-ல் எழுதியிருக்கிறார். எனக்கு வந்தது அந்த வகை. நம்பிக்கையுள்ளவர்களிடம் சொன்னால் "திரும்பி வந்துவிடு, சரியாகிவிடும்" என்பார்கள். நம்பிக்கை இல்லாதவர்களிடம் சொன்னால் "இல்லாத ஒன்றை இழந்ததற்கு என்ன வருத்தம்?" என்பார்கள். இரண்டு பேருமே நல்ல எண்ணத்தோடு சொல்வதுதான், ஆனால் துக்கத்தில் இருப்பவருக்கு இரண்டுமே உதவாது.

நான் செய்தது இதுதான். பிரார்த்தனை செய்யும் நேரத்தை விடவில்லை. அதே நேரத்தில், அதே இடத்தில் உட்கார்வேன். வார்த்தைகளைச் சொல்ல மாட்டேன், எழுதுவேன். அன்றைக்கு என்ன பயம், யாருக்கு நன்றி சொல்ல வேண்டும், யாரைக் காயப்படுத்தினேன். இதற்கும் ஒரு பின்னணி உண்டு. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்பவரும் அவர் மாணவியும் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்கள் மனதை உலுக்கிய விஷயங்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் கனத்தது. ஆனால் நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. எனக்கும் ஆரம்பத்தில் எழுந்திருக்கும்போது மனம் பாரமாகத்தான் இருந்தது. அதனால் நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். அப்புறம், அந்த நேரத்தை வேலையோ போனோ விழுங்க விட்டுவிடாதீர்கள். காலி நேரமாக இருந்தாலும் அது காலியாகவே இருக்கட்டும்.

ஒரு விஷயம் எனக்கு நீண்ட நாள் குழப்பமாக இருந்தது. எங்கள் உறவில் ஒருவர் பெரிதாக நம்பாதவர், பழக்கத்துக்கும் நாலு பேரைப் பார்ப்பதற்கும் வழிபாட்டுக்கு வருவார். அவருக்கு எந்தத் தவிப்பும் இல்லை. எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு? கார்டன் ஆல்போர்ட்டும் மைக்கேல் ராஸும் 1967-ல் செய்த வேறுபடுத்தல் இதற்கு விடை தந்தது. மதத்தை ஏதோ ஒன்றுக்காகப் பயன்படுத்துபவர்கள் ஒரு பக்கம், மதத்தையே வாழ்பவர்கள் இன்னொரு பக்கம். வாழ்ந்தவர்களுக்குத்தான் விலகும்போது தோல் உரிகிறது. அதனால், ஒருவர் மதத்தை விட்டு விலகுகிறார் என்றால் அவர் ஆரம்பத்திலிருந்தே மேலோட்டமாக இருந்திருப்பார் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். பெரும்பாலும் நேர்மாறு. என்னைப் பற்றி அப்படிச் சொன்னபோது, நம்பிக்கை போனதைவிட அது அதிகமாக வலித்தது.

வீட்டில் முதலில் அக்காவிடம் சொன்னேன். அவள் என்னைவிட ஆழமான பக்தி உள்ளவள். பயந்துகொண்டேதான் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி: "எப்பத்திலிருந்து இப்படி இருக்கு? இத்தனை நாளும் தனியாவா சுமந்தே?" வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்விக்காக இன்றைக்கும் அவளுக்கு நன்றி சொல்கிறேன்.

அம்மாவிடம் சொன்னபோது அது வேறு மாதிரி போனது. "அப்போ நான் உனக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் வீணா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். என் கையில் தயாராக இருந்த விளக்கங்கள் எதுவும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அம்மா கடவுளைப் பற்றிக் கேட்கவே இல்லை. தன்னைப் பற்றிக் கேட்டாள். நல்ல அம்மா என்ற அவளுடைய அடையாளம் என் பக்தியில்தான் நின்றுகொண்டிருந்தது. என் அடையாளம் ஆட்டம் கண்டபோது அவளுடையதும் சேர்ந்து ஆடியது. "நீ கத்துக்கொடுத்தது எதுவும் வீணாகலைம்மா, அதெல்லாம் என்கிட்டதான் இருக்கு" என்று மட்டும் சொன்னேன். அது உண்மையும்கூட. குடும்பத்திடம் சொல்லப்போகிறவர்கள் நியாயங்களைத் தயார் செய்வதற்கு முன், கேட்பவருக்கு இதில் என்ன பறிபோகிறது என்று யோசித்துவிட்டுப் போங்கள். சொல்லும் நேரத்தையும் பாருங்கள். பண்டிகை வேண்டாம், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாத சமயம் வேண்டாம். அப்புறம், சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் பெற்றோர் கையில் இருக்கும் வயதில், அல்லது சொன்னால் அடியோ மிரட்டலோ வரும் வீட்டில், வாய் திறக்காமல் இருப்பதில் எந்தக் குறையும் இல்லை. பாதுகாப்புதான் முதலில்.

அம்மாவுக்கு இன்னொரு பயமும் இருந்தது. "பயபக்தி இல்லேன்னா உன்னை யார் நேர் வழியில வெச்சிருப்பா?" நியாயமான கேள்வி, நானும் அதே கேள்வியோடு தவித்தேன். இதற்கு எனக்குக் கிடைத்த வெளிச்சம் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் இருவரும் 1973-ல் வெளியிட்ட ஆய்வு. இறையியல் படிக்கும் 40 மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் பேச அனுப்பினார்கள். பாதிப் பேர் பேச வேண்டியது, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையைப் பற்றி. வழியில் ஓர் ஆள் சுருண்டு கிடந்து முனகிக்கொண்டிருக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். யார் நின்று உதவினார்கள் என்பதில் பேச்சின் தலைப்பால் பெரிய வித்தியாசம் வரவில்லை. வித்தியாசத்தை உண்டாக்கியது அவசரம். நேரம் இருந்தவர்களில் 63 விழுக்காடு பேர் உதவினார்கள். மிகவும் அவசரப்படுத்தப்பட்டவர்களில் 10 விழுக்காடு பேர்தான்.

மதம் நம்மை நல்லவராக்குவதில்லை என்று இதற்குப் பொருள் சொல்ல நான் தயாராக இல்லை. ஒரு சின்ன ஆய்வு அவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லாது. என் வாழ்க்கைக்கு எடுத்துக்கொண்டது வேறு. மதம் எனக்கு நிதானத்தைக் கொடுத்திருந்தது. நாளில் சில முறை நிறுத்தியது, வாரத்தில் ஒரு முறை மற்றவர்களின் கஷ்டத்தைக் காதில் போட்டது, வருமானத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்துவைக்கச் சொன்னது. நம்பிக்கை போனதும் இவையெல்லாம் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். யாரும் அவற்றைத் திட்டமிட்டு விடுவதில்லை. அதனால் அவற்றை நானே திரும்ப ஏற்பாடு செய்துகொண்டேன். தர்மத்துக்கு ஒரு பங்கு சம்பளம் வந்த அன்றே போய்விடும். வாரத்தில் ஒரு நாள், உடல் முடியாத முதியவர் ஒருவருக்குச் செய்தித்தாள் படித்துக்காட்டப் போகிறேன். நல்ல எண்ணம் தானாக இதையெல்லாம் செய்யவைக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தால் நடக்காது, நாளும் நேரமும் குறித்தாக வேண்டும்.

அப்பா வெகுநாள் எதுவும் பேசவில்லை. பிறகு ஒரு நாள், "வழிபாட்டுக்கு எங்களைக் கூட்டிட்டுப் போவியா, அதையும் நிறுத்திடுவியா?" என்று கேட்டார். "கூட்டிட்டுப் போறேன்பா" என்றேன். அப்போது எனக்கு நானே ஒரு கோடு போட்டுக்கொண்டேன். அவர்களோடு போவேன், உள்ளே உட்காருவேன், வேலை இருந்தால் செய்வேன், பாட்டில் சேர்ந்துகொள்வேன். ஆனால் எல்லோர் முன்னாலும் நின்று "நான் நம்புகிறேன்" என்று தொடங்கும் பிரார்த்தனையை நடத்த மாட்டேன். அதைச் சொல்லச் சொன்னால் பணிவாக மறுத்துவிடுவேன். இந்தக் கோடு ஒவ்வொருவருக்கும் வேறு இடத்தில் விழும். எங்கே விழுந்தாலும், முன்கூட்டியே யோசித்து, வீட்டில் ஒருவரிடமாவது தெளிவாகச் சொல்லிவைத்துவிடுங்கள். கூட்டத்தின் நடுவில் அந்த நிமிடத்தில் முடிவெடுக்கப் போனால் இரண்டு பக்கமும் அவமானப்படும்.

விட்டுப் போனவை திரும்பத் தலைகாட்டும்போது பலர் கலங்கிவிடுகிறார்கள். நம்பிக்கை இல்லை என்று தெளிவான பிறகும், விமானம் குலுங்கினால் உதடு பழைய நாமத்தைச் சொல்லும். விலக்கப்பட்ட ஒன்றைச் செய்தால் நெஞ்சு படபடக்கும். "இன்னும் நம்புகிறேனோ? அல்லது வேஷம் போடுகிறேனோ?" என்ற சந்தேகம் வரும். டாரில் வான் டாங்கரனும் குழுவினரும் அமெரிக்கா, ஹாங்காங், நெதர்லாந்து, நியூசிலாந்து ஆகிய இடங்களில் செய்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில் மூன்று வகை மக்களை ஒப்பிட்டார்கள்: இப்போது மதப்பற்று உள்ளவர்கள், ஒருகாலத்தில் இருந்து இப்போது விட்டவர்கள், எப்போதுமே இல்லாதவர்கள். நடுவில் உள்ளவர்கள் பல அளவைகளில் மற்ற இருவருக்கும் இடையில்தான் இருந்தார்கள். விட்டாலும் மதத்தின் படிவு தங்குகிறது. எனக்குள் அந்த நாமம் எழுந்தால் நான் அதைத் தடுப்பதில்லை. பயந்த ஒரு குழந்தை பழகிய பெயரைக் கூப்பிடுகிறது, கூப்பிடட்டும். குற்ற உணர்ச்சியை மட்டும் சோதித்துப் பார்ப்பேன்: இதனால் யாருக்காவது தீங்கு நடந்ததா? நடந்திருந்தால் அது கேட்க வேண்டிய குரல், போய் மன்னிப்புக் கேட்பேன். நடக்கவில்லை என்றால் அது பழைய விதி பேசுகிறது, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் தானே அடங்கும்.

இதே காலத்தில் இன்னொரு இழுப்பும் வரும். எதிர்ப்பக்கம் ஒரு கூட்டம் இருக்கிறது, உடனே அங்கே சேர்ந்து ஒரு புதுப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். நானும் சில கூட்டங்களுக்குப் போனேன். முதலில் மூச்சு விட முடிந்தது, என்னைப் போன்றவர்கள் இருக்கிறார்கள் என்பதே பெரிய விடுதலை. கொஞ்ச நாளில் அங்கேயும் நாம், அவர்கள் என்ற பேச்சு. "அவர்கள்" என்றால் என் அம்மா, என் அக்கா. ஹென்றி தாய்ஃபெல் 1971-ல் வெளியிட்ட சோதனை நினைவுக்கு வந்தது. பிரிஸ்டல் பள்ளிச் சிறுவர்களிடம், க்ளே, காண்டின்ஸ்கி என்ற இரு ஓவியர்களில் யாருடைய படம் பிடிக்கிறது என்பதை வைத்துப் பிரிக்கிறோம் என்று சொல்லிக் குழுவாக்கினார்கள். பெயர்கூடத் தெரியாத தன் குழு ஆளுக்கே சிறுவர்கள் அதிகம் கொடுத்தார்கள். மற்றக் குழுவைவிடத் தன் குழு முன்னால் இருக்க வேண்டும் என்பதற்காக, தன் குழுவுக்கே கிடைக்கும் மொத்தத்தைக் குறைத்துக்கொள்ளவும் பல சமயம் தயாராக இருந்தார்கள். ஓர் ஓவியத்துக்கே இப்படி என்றால், மதம் மாதிரி ஆழமான விஷயத்தில் கேட்கவே வேண்டாம். தாய்ஃபெல் போலந்தில் பிறந்த யூதர். போரில் பிரெஞ்சுச் சிப்பாயாக ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு உயிர் தப்பி வந்து, தன் குடும்பத்தில் அநேகமாக எல்லோரும் கொல்லப்பட்டதை அறிந்தவர். நாம், அவர்கள் என்று பிரிப்பது எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கூட்டங்களில் கிடைத்த நண்பர்கள் இருவர் இன்னும் என் நண்பர்கள்தான். கூட்டத்தை விட்டேன், அவர்களை விடவில்லை. பெயர் போட்டுக்கொள்வதை மட்டும் தள்ளிவைத்தேன். "நீங்கள் ஆத்திகரா நாத்திகரா?" என்று கேட்டால், "யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லப் பழகினேன். அது தட்டிக்கழிப்பதற்கான பதில் இல்லை, அப்போதைய உண்மை அது. நம்பிக்கைக்கு வருவது மட்டுமின்றி, அதை விட்டு வெளியேறுவதும் பிளவுண்ட மனம் ஒன்றாகும் வழியாக அமையலாம் என்று வில்லியம் ஜேம்ஸ் சொல்லியிருக்கிறார். எந்தத் திசை என்பதைவிட, மனம் ஒன்றாவதற்குத் தேவையான காலத்தைக் கொடுக்கிறோமா என்பதே எனக்கு முக்கியமாகப் பட்டது.

மருத்துவ உதவி பற்றி ஒரு வார்த்தை. மத நெருக்கடி என்பதே நோய் கிடையாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1994-ல் வந்த நான்காம் பதிப்பில், மத அல்லது ஆன்மிகப் பிரச்சினை என்று தனித் தலைப்பையே சேர்த்தது, அதுவும் மனநோய்களின் பட்டியலில் சேராத ஒன்றாக. ஆனால் பல வாரம் தூக்கம் இல்லை, எதிலும் ஈடுபாடு இல்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் தாமதிக்காமல் போக வேண்டும். பாவம் செய்துவிட்டேனோ என்று ஒரே எண்ணம் நாள் முழுக்கச் சுழல்கிறது, பிரார்த்தனையில் ஒரு சொல் பிசகினால் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது என்றால் அது பக்தியும் இல்லை, பக்தி குறைந்ததும் இல்லை. வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப விடாமல் துரத்தும் ஓ.சி.டி. என்ற மனநலப் பிரச்சினை அப்படியும் வரும், அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. ஆலோசகரைத் தேடும்போது முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்: "என்னை மதத்துக்குத் திருப்புவதோ, மதத்திலிருந்து வெளியே எடுப்பதோ உங்கள் நோக்கமா?" நான் முதலில் பார்த்தவர் இரண்டாவது சந்திப்பிலேயே எனக்கு ஸ்லோகம் மாதிரி அறிவுரை சொல்ல ஆரம்பித்தார். பிறகு வேறொருவரிடம் மாறினேன். அவரிடம் என்ன நம்பிக்கை இருந்தது என்று கடைசிவரை எனக்குத் தெரியாது, அதுதான் உதவியது.

கடைசியாக, வீட்டில் ஒருவர் இப்படிச் சொல்லிக் கேட்க நேர்ந்த பெற்றோருக்கும் கணவன் மனைவிக்கும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பது அடுத்த பல வருடங்களுக்கு நினைவில் நிற்கும். முதல் பேச்சில் திருத்த வேண்டாம், புத்தகம் கொடுக்க வேண்டாம், மதகுருவிடம் கூட்டிப்போகிறேன் என்று சொல்ல வேண்டாம். உங்களுக்கு வருத்தமாக இருந்தால் வருத்தம் என்றே சொல்லுங்கள், அதைக் கோபமாக மாற்றாதீர்கள். நான்கு இழைகளில் எது தளர்ந்தது, எது இருக்கிறது என்று மெதுவாகக் கேளுங்கள். என் அக்கா அப்படித்தான் கேட்டாள், இன்றைக்கும் கேட்கிறாள். நானும் அவளைத் திருப்பிக் கேட்கிறேன். அவள் நம்பிக்கையும் இந்த வருடங்களில் நிறைய மாறியிருக்கிறது. சின்ன வயதில் தண்டிக்கும் கடவுளிடம் பயந்தவள், இப்போது வேறொரு கடவுளைப் பற்றிப் பேசுகிறாள். அந்த மாற்றத்தை வெளியே யாரிடமும் சொல்ல முடியவில்லை, உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன் என்றாள்.